கடிதம் இல்லாத தோட்டம்

எங்கள் ஒழுங்கை முடிவில் நாங்கள் எல்லோரும் கூடிச் செய்த தோட்டத்தைப் படம் எடுத்து, "திருகோணமலையின் பசுமை அடையாளம், காப்பாற்றுவோம்" என்று போன கிழமை ஒருவர் போட்டிருந்தார். நானூறு லைக். எனக்குக் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் எரிச்சல். அந்தப் படத்திலேயே வேலி பிரிந்து கிடக்கிறது. மான் பிரித்து அப்போதே மூன்று நாள், கட்ட ஒருவரும் வரவில்லை.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சொல்கிறேன். அது ஓர் அரச திணைக்களத்தின் பழைய குவார்ட்டர்ஸ் வளவு. கட்டிடம் எப்போதோ போய்விட்டது, கிணறும் இரண்டு பூவரசும்தான் மிச்சம். ஊர்க் குப்பையெல்லாம் அங்கேதான். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்களே, அடுத்த வருஷம் அது எங்கள் சட்டிக்குள்ளும் வந்துவிட்டது. காஸ் வரிசை, பெற்றோல் வரிசை, கத்தரிக்காய் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பிய நாட்கள். 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்றார்கள். கொழும்பில் இருந்து யோசித்தால் அப்படித்தான் தோன்றும். இங்கே ஜூனில் கச்சான் காற்று அடித்து முற்றமே காய்ந்து கிடக்கும். எங்கள் மழை ஐப்பசியில்தான் தொடங்கும்.

ஆனாலும் இறங்கினோம். முதலில் நட்ட அறுபது மிளகாய்க் கன்றில் தப்பியது ஆறு.

கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது. ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர்தான், "தம்பி, முதல்ல மண்ணைச் செய்யுங்கோ, பிறகு விதைக்கலாம்" என்றார். குளத்து வண்டல் ஒரு லாண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) பெட்டி, மாட்டெரு, பூவரசஞ் சருகு, மீன் வெட்டிய கழிவு எல்லாம் போட்டுப் புரட்டினோம். மோட்டர் போட்டு இழுத்தால் கிணறு உவர்த்துவிடும் என்று விடிய விடிய வாளியால் அள்ளினோம். அந்த மாரியில்தான் தோட்டம் தோட்டமானது. மரவள்ளி, வெண்டி, பயற்றங்காய், பசளி. முஸ்லிம் நாநா ஒருவர் முருங்கைக் கதியால் ஊன்றினார். சிங்கள அக்கா ஒருவர் கங்குன் கீரைத் தண்டு கொண்டுவந்து கிணற்றடி ஈரத்தில் குத்தினா. யாரும் பிடுங்கலாம், ஒரு பிடிக்கு மேல் எடுத்தால் நாலு வாளி தண்ணீர் ஊற்றவேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

மானையும் சொல்லவேண்டும். வெளியூர்க்காரர் இங்குள்ள பிரட்றிக் கோட்டை வாசலில் மானோடு படம் எடுத்துக்கொண்டு, என்ன அழகு என்று போய்விடுவார்கள். இரவில் அவை டவுனுக்குள் திரிந்து, குப்பையில் பொலித்தீன் தின்பது நமக்குத் தெரியும். அதைவிட எங்கள் பசளியைத் தின்னட்டும் என்று பகலில் நினைப்பேன். விடியக் காலை மொட்டைப் பாத்தியைப் பார்த்தால் அந்த நினைப்பெல்லாம் போய்விடும்.

சரி, 2023இல் சாமான் விலை இறங்கத் தொடங்கியதும் ஆட்களும் குறைந்தார்கள். நானும்தான். கடைசியில் மாஸ்டரும் அந்த அக்காவும் மட்டும் நின்றார்கள். இப்போது அளவுநாடாவோடு ஆட்கள் வந்து சிவப்புப் பூச்சடித்த கட்டைகளை அடித்துவிட்டுப் போன பிறகு, வாகனத் தரிப்பிடமாம் என்று கேள்விப்பட்ட பிறகு, எல்லோருக்கும் பாசம் பொங்குகிறது.

திணைக்களத்தைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. காணி அவர்களுடையது. இத்தனை வருஷத்தில் ஒரு துண்டுக் கடிதமாவது கேட்டோமா? வாயால் ஒருவர் "செய்யுங்கோ" என்றார், அவரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

நியூயோர்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் கூட்டாளிகளும் இப்படியொரு குப்பைக் காணியைத்தான் துப்புரவாக்கினார்கள். அடுத்த வருஷமே மாதம் ஒரு டொலர் வாடகைக்கு நகர நிர்வாகத்திடம் எழுதி வாங்கிவிட்டார்கள். அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அதே நகரத்தில் 1999இல் மேயர் ஜூலியானி 114 தோட்டங்களை ஏலத்தில் விற்கப் போனார். நடிகை பெட் மிட்லர் தொடங்கிய அமைப்பும் ஒரு காணி அறக்கட்டளையும் காசு கொடுத்து வாங்கித்தான் அவை தப்பின. எங்களுக்காக எந்த நடிகையும் வரமாட்டா. ஆகவே வாடகைக் கடிதம்தான் வழி.

என் யோசனை இதுதான். ஒரு சங்கமாகப் பதிந்து, வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அனுமதியை எழுத்தில் கேட்போம். வீதிப்பக்கத்தை வாகனத்துக்கு விட்டுக்கொடுப்போம், கிணற்றுப்பக்கம் எங்களுக்கு. முழுவதும் வேண்டும் என்று நின்றால் முழுவதும் போகும். இதைச் சொன்னதற்கு நேற்று ஒருவர் என்னைக் காட்டிக்கொடுப்பவன் என்றார். அவர் ஒரு வாளி தண்ணீர் அள்ளி நான் பார்த்ததில்லை.

கையில் ஓர் ஆதாரம் இருக்கிறது. மாஸ்டர் முதல் நாளிலிருந்து ஒரு சீஆர் கொப்பியில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்: எந்தத் திகதி எந்தப் பாத்தியில் என்ன நட்டது, யார் விதை தந்தது, எது பட்டுப்போனது, மான் வந்த இரவுகள். நாற்பது வீட்டுப் பெயர் அதில் இருக்கிறது, மூன்று மொழிக் கையெழுத்தும் இருக்கிறது. விண்ணப்பத்தோடு அதன் பிரதியையும் வைப்போம்.

ஞாயிறு பின்னேரம் நாலரைக்குக் கிணற்றடியில் கூடுகிறோம். கையெழுத்து வைக்க அடையாள அட்டை கொண்டுவாருங்கள். ஒரு கட்டுக் கம்பியும் வேண்டும், வேலியை அன்றைக்கே கட்டிவிடலாம்.