ரிச்சர்ட் கிளார்க் கேட்ட மன்னிப்பு

பயங்கரவாத எதிர்ப்பு அதிகாரிகள் என்றாலே, யார் எந்தத் தாக்குதலை முன்கூட்டியே கணித்தார் என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அமெரிக்காவின் ரிச்சர்ட் கிளார்க் பெரிய மனிதராகத் தெரிவது அதற்காக இல்லை.

1973இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனில் வேலைக்குச் சேர்ந்தவர். ரீகன் காலத்தில் வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவில் உயர் பொறுப்பு, அப்புறம் வெள்ளை மாளிகை. 1998 மே மாதம் கிளின்டன் அவரைப் பயங்கரவாத எதிர்ப்பு ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார். ஆகஸ்டில் நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் அமெரிக்கத் தூதரகங்களில் அல் கொய்தா வைத்த குண்டு வெடித்து 224 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தால் அல் கொய்தாதான். யாருக்கும் வளைந்து கொடுக்காத, முகத்துக்கு நேரே பேசுகிற ஆள் என்பதால் பலருக்கு அவரைப் பிடிக்காது.

புஷ் பதவியேற்ற ஐந்தாம் நாள், 2001 ஜனவரி 25 அன்று, அல் கொய்தா பற்றி அமைச்சர்கள் மட்டத்தில் அவசரமாகக் கூட வேண்டும் என்று தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கான்டலீசா ரைஸுக்கு எழுதினார். கூட்டம் நடந்தது செப்டம்பர் 4 அன்று! நடுவில் அவருடைய பதவியின் அந்தஸ்தையும் குறைத்து, இனி துணை அமைச்சர்கள் மட்டத்தில் பேசினால் போதும் என்று வைத்துவிட்டார்கள். கூட்டம் நடந்த அதே நாளில் ரைஸுக்கு இன்னொரு கடிதம்: நாம் தாக்குதலைத் தடுக்கத் தவறி, அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான அமெரிக்கர்கள் செத்துக் கிடக்கும் ஒரு நாளைக் கற்பனை செய்து பாருங்கள் என்று. சரியாக ஒரு வாரத்தில் செப்டம்பர் 11 தாக்குதல்.

2004 மார்ச் 24. செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணையத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், இறந்தவர்களின் குடும்பத்தார் அதே அறையில் இருக்கிறார்கள். 'நான் அப்போதே சொன்னேன்' என்று ஆரம்பிக்க அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஆனால் அவர் சொன்னது, உங்கள் அரசாங்கம் உங்களைக் காக்கத் தவறியது, உங்களைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் தவறினார்கள், நானும் தவறினேன் என்று. கடுமையாக உழைத்தோம், ஆனால் தோற்றுவிட்டதால் அதைச் சொல்லிப் பயனில்லை என்றார், மன்னிப்பும் கேட்டார். ஜனவரியில் நீங்கள் கேட்டதையெல்லாம் செய்திருந்தால் செப்டம்பர் 11ஐத் தடுத்திருக்க முடியுமா என்று ஆணைய உறுப்பினர் ஸ்லேட் கோர்ட்டன் கேட்டபோது, ஒரே வார்த்தையில் 'இல்லை' என்றார். தன்னை நாயகனாக்கிக்கொள்ள எவ்வளவு வசதியான இடம் அது!

அவரைக் குறை சொல்ல நிறைய இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 1994இல் ருவாண்டாவில் கொலைகள் நடந்துகொண்டிருந்தபோது ஐநா படையை விலக்கிக்கொள்ளும் பக்கம் நின்றவர். 1998இல் சூடானின் மருந்துத் தொழிற்சாலை மீது அமெரிக்கா ஏவுகணை வீசியதை ஆதரித்தவர், அந்தத் தாக்குதலுக்குச் சொன்ன ஆதாரம் இன்றைக்கும் பலவீனமாகத்தான் இருக்கிறது. சாட்சி சொன்ன அதே வாரத்தில் அவர் புத்தகம் வெளியானதால் விற்பனைக்காகப் பேசுகிறார் என்றும் திட்டினார்கள். இருக்கட்டும். புத்தகம் விற்க நினைக்கிறவன் அந்த 'இல்லை'யைச் சொல்லியிருக்க மாட்டான் என்பதுதான் என் எண்ணம்.

என் கோபமெல்லாம் மற்றவர்கள் மேல். செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்தியவர்களில் இருவரைப் பற்றி 2000 தொடக்கத்திலேயே அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவுக்குத் தெரியும். கண்காணிப்புப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியது 2001 ஆகஸ்ட் கடைசியில். சிஐஏவுக்குள் நடக்கும் தவறுகளை விசாரிக்கும் தலைமை ஆய்வாளரே, அதிகாரிகளின் பொறுப்பை விசாரிக்க ஒரு குழு அமையுங்கள் என்று பரிந்துரைத்தார். 2005இல் இயக்குநர் போர்ட்டர் காஸ் அதெல்லாம் வேண்டாம் என்று முடித்துவிட்டார். மூவாயிரம் பேர் செத்த விஷயத்தில், அந்த அதிகாரிகளின் பொறுப்பை விசாரிக்க ஒரு குழு கூடக் கூடவில்லை.