ஜாரைக் கைவிட்டவர்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் முகநூலில் ரஷ்யப் புரட்சி குறித்த பதிவுகள் வரிசைகட்டி வரத் தொடங்கிவிடும். லெனின் ஜார் மன்னனை வீழ்த்தினார் என்று ஒரு தரப்பு கொண்டாடும்; ஜெர்மனியிடம் பணம் வாங்கிய ஒரு சிறு கும்பல் நல்ல மன்னனை வஞ்சகமாகக் கவிழ்த்தது என்று மறுதரப்பு சபிக்கும். இரண்டு தரப்பும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன. ஜார் ஆட்சி விழுந்த நாளில் லெனின் ஜூரிச்சில் இருந்தார். டிராட்ஸ்கி நியூயார்க்கில் இருந்தார். ஸ்டாலின் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டிருந்தார். 1917 ஜனவரியில் ஜூரிச் இளைஞர்களிடம் பேசிய லெனின், வரப்போகும் புரட்சியின் முடிவான போராட்டங்களைக் காணத் தம்மைப் போன்ற மூத்தவர்கள் உயிரோடு இருப்போமா என்பதே ஐயம்தான் என்று கூறினார். அதற்குப் பின் இரண்டு மாதம்கூட மன்னராட்சி தாங்கவில்லை. முடியாட்சியின் வீழ்ச்சியும் லெனினின் கட்சியினரான போல்ஷெவிக்குகளின் எழுச்சியும் வெவ்வேறு ஆட்களால், வெவ்வேறு காரணங்களால் நடந்தவை என்பதும், இரண்டையும் தனித்தனியாகவே எடைபோட வேண்டும் என்பதும் என் கருத்து. (தேதிகளை அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படியே தருகிறேன், 13 நாட்களைக் கூட்டினால் இன்றைய தேதி கிடைக்கும்.)

1905 ஜனவரி 9 அன்று, பாதிரியார் கபோன் தலைமையில் தொழிலாளர்கள் மனு கொடுக்கக் குளிர்கால அரண்மனையை நோக்கிச் சென்றபோது, அவர்கள் கையில் ஏந்தியிருந்தவை திருவுருவப் படங்களும் ஜாரின் படங்களும்தான். மன்னரிடம் நேரில் முறையிட்டால் நியாயம் கிடைக்கும் என்று நம்பிய அந்தக் கூட்டத்தின் மீது படை சுட்டது. அரசின் கணக்கே ஏறத்தாழ 130 பேர் இறந்ததாக ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு முழுவதும் நாடு கொந்தளித்த பிறகு, அக்டோபரில் துமா என்னும் நாடாளுமன்றத்தை அமைப்பதாக இரண்டாம் நிக்கோலஸ் வாக்களித்தார். அமைத்த துமாவை மறு ஆண்டே மூன்று மாதம்கூட நீடிக்கவிடாமல் கலைத்தார். அடுத்ததையும் கலைத்து, சொத்துள்ளவர்களுக்குச் சாதகமாகத் தேர்தல் சட்டத்தையே மாற்றினார். இவ்வளவுக்குப் பிறகும் 1913-இல் ரோமனோவ் வம்சத்தின் 300-ஆம் ஆண்டு விழா கோலாகலமாகவே நடந்தது. எனவே 1905-இலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதுவோரோடு நான் உடன்படவில்லை.

என்னைக் கேட்டால், திரும்பிவர முடியாத முடிவு 1915 ஆகஸ்டில் எடுக்கப்பட்டது. முதல் உலகப் போரின் போர்முனையில் படைகள் பின்வாங்கிக்கொண்டிருந்த வேளையில், தலைமைத் தளபதியாக இருந்தவரும் தமக்குச் சிற்றப்பா முறையானவருமான நிக்கோலாய் நிக்கோலாயெவிச்சை நீக்கிவிட்டு, அந்தப் பொறுப்பை ஜார் தாமே ஏற்றுக்கொண்டார். வேண்டாம் என்று அமைச்சர்களில் பலர் கூட்டாகக் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தும் அவர் கேட்கவில்லை. இனிமேல் ஒவ்வொரு தோல்வியும் நேராக மன்னரின் கணக்கில் எழுதப்படும் என்ற எளிய உண்மையைச் சொல்ல ராஜதந்திரி யாரும் தேவையில்லை. அவர் மொகிலேவ் நகரின் படைத்தலைமையகத்துக்குப் போய்விட, தலைநகரில் அரசி அலெக்சாந்திராவின் பேச்சும், அவர் நம்பியிருந்த சாமியார் ரஸ்புதினின் பேச்சும் எடுபடலாயின. 1916 என்ற ஒரே ஆண்டில் கோரெமீகின், ஷ்டியூர்மர், திரேபொவ் என மூவர் அடுத்தடுத்துப் பிரதமர் பதவியில் இருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் நான்காமவராகக் கொலித்சினின் பெயரும் அறிவிக்கப்பட்டது. ரஸ்புதினை அந்த டிசம்பரில் கொன்றவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். ஜாரின் உறவினரான இளவரசர் யூசுபொவும், தீவிர முடியாட்சிவாதியான துமா உறுப்பினர் புரிஷ்கேவிச்சும் அக்கொலையில் கூட்டாளிகள். அரசனைக் காப்பாற்ற அரச விசுவாசிகளே கொலை செய்ய வேண்டியிருந்த ஓர் ஆட்சியைக் கவிழ்க்க வெளியிலிருந்து சதி எதற்கு?

1917 பிப்ரவரி 23, இன்றைய கணக்கில் மார்ச் 8, பன்னாட்டு மகளிர் நாள். அன்றைய தலைநகர் பெத்ரோகிராட்டின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வீபோர்க் பகுதியில் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். ரொட்டிக் கடை வாசலில் விடியும் முன்பே வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பி, அதன் பிறகு ஆலைக்கும் போக வேண்டியிருந்தவர்கள் அவர்கள். நாட்டில் தானியம் இல்லாமல் போய்விடவில்லை. போரினால் சீர்குலைந்த இரயில்வேயால் அதைத் தலைநகருக்குக் கொண்டுவர முடியவில்லை. அன்று வேலைநிறுத்தம் வேண்டாம் என்றுதான் அப்பகுதியின் போல்ஷெவிக் ஊழியர் ஒருவர் முந்தைய நாள் அறிவுறுத்தியிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்சி சொல்லி அந்தப் பெண்கள் வரவில்லை, கட்சிதான் அவர்கள் பின்னால் போனது. இரண்டு நாளில் நகரமே வேலைநிறுத்தத்தில் இருந்தபோது அரசி தம் கணவருக்கு எழுதிய கடிதத்தில், இது போக்கிரிகளின் கூச்சல் என்றும், கடுங்குளிராக இருந்திருந்தால் இவர்களெல்லாம் வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்றும் குறிப்பிட்டார்.

குழப்பங்களை நாளையே அடக்குமாறு ஜாரிடமிருந்து தந்தி வந்தது. 26-ஆம் தேதி வொலீன்ஸ்கி காவற்படையின் வீரர்கள் கூட்டத்தின் மீது சுட்டார்கள். அன்றிரவு அவர்கள் பாசறையில் என்ன பேசிக்கொண்டார்களோ, மறுநாள் காலை சார்ஜெண்ட் கிர்பிச்னிகொவ் தலைமையில் வெளியே செல்ல மறுத்துவிட்டார்கள். அவர்களது அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கிருந்து அருகிலிருந்த படைப்பிரிவுகளுக்குச் செய்தி பரவி, மாலைக்குள் தலைநகரில் ஜாரின் கட்டளையை நிறைவேற்றப் படையே இல்லாமல் போயிற்று. பிப்ரவரிப் புரட்சிக்கு ஒரு முகம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நான் அந்தச் சார்ஜெண்டின் முகத்தைத்தான் கொடுப்பேன்.

தலைநகருக்குத் திரும்ப முயன்ற ஜாரின் இரயில் வழியில் திருப்பிவிடப்பட்டு, மார்ச் 1 மாலை பிஸ்கொவ் நகரை அடைந்தது. அங்கே தளபதி ருஸ்கி காத்திருந்தார். படைத்தலைமையகத்திலிருந்த தளபதி அலெக்சேயெவ் ஒவ்வொரு போர்முனைத் தளபதியிடமும் தந்தியில் கருத்துக் கேட்க, பதில்கள் ஒரே குரலில் வந்தன: பதவி விலகுவதே நல்லது. 1915-இல் நீக்கப்பட்ட அதே சிற்றப்பா, மண்டியிட்டு வேண்டுவதாகத் தந்தி கொடுத்திருந்தார். மார்ச் 2 இரவு, இரயில் பெட்டிக்குள் துமாவின் சார்பில் வந்த குச்கொவ், ஷுல்கின் என்ற இருவரிடம் ஜார் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்தார். அந்த இருவரும் முடியாட்சியை விரும்பியவர்களே. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் ஒப்பமிட்ட தாளில் பிற்பகல் 3 மணி 5 நிமிடம் என்று நேரம் குறிக்கப்பட்டது; இவர்கள் வந்து வற்புறுத்தியதால் விலகியதாகத் தோன்றக்கூடாது என்பதற்காக. அப்போதும் அவர்களுக்குக் கௌரவம்தான் கவலை! மகனுக்குப் பதிலாகத் தம்பி மிகயீலுக்கு ஜார் விட்டுக்கொடுத்த மகுடத்தை அவர் மறுநாளே ஏற்க மறுக்க, 304 ஆண்டு வம்சம் முடிந்தது. எங்கும் துரோகம், கோழைத்தனம், வஞ்சகம் என்று நிக்கோலஸ் அன்று நாட்குறிப்பில் எழுதினார். துரோகம் என்றே வைத்துக்கொண்டாலும், அதைச் செய்தவர்களின் பட்டியலில் லெனினின் பெயர் இல்லை.

போல்ஷெவிக்குகள் கவிழ்த்தது ஜாரை அல்ல, அவருக்குப் பின் வந்த தற்காலிக அரசாங்கத்தை. அது கொடுங்கோல் அரசு அன்று. அரசியல் கைதிகளை விடுவித்தது, மத இனப் பாகுபாட்டுச் சட்டங்களை நீக்கியது, பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. ஆனால் சிப்பாய் கேட்டது சமாதானம், விவசாயி கேட்டது நிலம், இரண்டுமே கிடைக்கவில்லை. நிலப் பிரச்சினையை அரசியல் நிர்ணய சபை பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அச்சபைக்கான தேர்தலையோ நவம்பர் வரை தள்ளிப்போட்டார்கள். நேச நாடுகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஜூனில் போர் அமைச்சர் கெரென்ஸ்கி தொடங்கிய தாக்குதல் படுதோல்வியில் முடிந்தது. தொழிலாளர், சிப்பாய் பிரதிநிதிகளின் மன்றங்களான சோவியத்துகளின் அந்த ஜூன் மாதப் பேராயத்தில், விவசாயிகளின் ஆதரவு பெற்ற சமூகப் புரட்சியாளர் கட்சிக்கு 285 பிரதிநிதிகளும் மிதவாத சோசலிஸ்டுகளான மென்ஷெவிக்குகளுக்கு 248 பேரும் இருக்க, போல்ஷெவிக்குகள் வெறும் 105 பேர். ஆகஸ்டில் தளபதி கொர்னீலொவ் தலைநகர் மீது படையெடுத்தபோது நகரைக் காக்க முன்னின்றவர்கள் என்ற பெயரோடு செப்டம்பரில் பெத்ரோகிராட் சோவியத்தில் அவர்கள் பெரும்பான்மை பெற்றார்கள். லெனினின் இரயிலுக்கு ஜெர்மனி வழிவிட்டது உண்மைதான். ஆனால் இலட்சக்கணக்கான சிப்பாய்களைப் போர் வேண்டாம் என்று சொல்லவைக்க யாருடைய பணமும் தேவைப்பட்டிருக்காது.

கொண்டாடும் தரப்புக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அக்டோபரில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்த பிறகு நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்குகள். முதலிடம் சமூகப் புரட்சியாளர்களுக்கு. 1918 ஜனவரி 5 அன்று கூடிய சபை ஒரே அமர்வோடு கலைக்கப்பட்டது. அதை ஆதரித்து அன்று பெத்ரோகிராட்டில் ஊர்வலம் சென்றவர்கள் மீது போல்ஷெவிக்குகளின் ஆயுதப் படையான செங்காவலர்கள் சுட்டார்கள். 1905 படுகொலையைக் கண்டித்துச் சிறைக்குச் சென்ற எழுத்தாளர் மக்சிம் கார்க்கி, அந்த ஜனவரி 9-ஐயும் இந்த ஜனவரி 5-ஐயும் அருகருகே வைத்துத் தம் நாளேட்டில் எழுதினார். சுடப்பட்டவர்கள் தொழிலாளர்களே என்றும் எழுதினார். அந்த ஆண்டு ஜூலையில் லெனினின் அரசு அந்த நாளேட்டை மூடியது. கார்க்கியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் நம் நண்பர்கள், அடுத்த நவம்பர்ப் பதிவில் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.