அம்பது ரூபாய் வாங்கத் தெரிகிறது, தராசு எடுத்துவரத் தெரியவில்லையா?

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பணம் முழுவதையும் புக் பண்ணும்போதே போனில் கட்டிவிட்டேன். வந்தவர் சிலிண்டரை வாசலில் டங்கென்று இறக்கினார். மூச்சு வாங்கிக்கொண்டே, "ஓடிபி சொல்லுங்கக்கா, அப்புறம் ஒரு அம்பது ரூபா குடுங்க" என்றார்.

"அண்ணா, எடை போட்டுக் காட்டிட்டு வாங்கிக்கோங்க" என்றேன்.

"தராசு வண்டில இல்லக்கா."

"வாஷர் பார்த்தீங்களா?"

"எல்லாம் பிளாண்ட்லயே செக் பண்ணித்தான்க்கா வருது. இன்னும் இருபது வீடு இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க."

எட்டு வருடமாக இதே பேச்சு. ஆள் மாறியிருக்கிறார், வண்டி மாறியிருக்கிறது, விலை எத்தனையோ முறை ஏறியிருக்கிறது. தராசு மட்டும் ஒரே ஒரு நாள்கூட எங்கள் படியேறி வந்ததில்லை. ஆனால் அந்தத் தராசு வண்டியில் இருந்தே ஆக வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அவர் கண்முன்னே எடை போட்டு, கசிவு இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது ஏஜென்சியின் கடமை. எண்ணெய் நிறுவனங்களே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வீட்டு வாசல் வரை கொண்டுவந்து கொடுக்கும் கூலியும் பில்லில் இருக்கும் விலைக்குள்ளேயே அடக்கம். நாமே குடோனுக்குப் போய் எடுத்துக்கொண்டால் அந்தக் கூலியை விலையில் கழித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. அப்படியிருக்க, மாடிக்கு இவ்வளவு, அடுத்த மாடிக்கு இவ்வளவு என்று பேருந்து டிக்கெட் மாதிரி ரேட் போட்டது யார்?

2025 ஏப்ரலில் மத்திய அரசு சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றியது நினைவிருக்கும். சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆனது. எத்தனை கண்டனம், எத்தனை தலைப்புச் செய்தி! எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க அதே பேச்சுதான். சரி, கோபம் நியாயமானது. ஆனால் அதே 50 ரூபாயை ஒவ்வொரு சிலிண்டருக்கும் வாசலில் வைத்து வாங்குகிறார்களே, அதற்கு அந்தக் குழுவில் ஒரு குரல் வந்ததுண்டா? நான் கேட்டபோது வந்த பதில், "பாவம், விடுங்க, அம்பது ரூபாதானே."

பாவம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். காலிச் சிலிண்டர் மட்டுமே 15, 16 கிலோ. உள்ளே இருக்கும் கேஸ் 14.2 கிலோ. ஆக 30 கிலோ சுமையைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறார் அந்த மனிதர். ஒருநாள் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசினேன். மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாதாம். சிலிண்டருக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை, மிச்சத்தை "கஸ்டமர்கிட்ட பார்த்துக்கோ" என்று முதலாளி சொல்லிவிட்டாராம். எனக்குக் கொதிப்பதே இதில்தான். கூலிக்கான காசை நாம் ஏற்கெனவே விலையில் கட்டிவிட்டோம். அது ஏஜென்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை உழைத்தவர் கையில் கொடுக்காமல், அவரை நம் வாசலில் வந்து கையேந்த வைக்கிறார்கள். நாமும் அவரும் 50 ரூபாய்க்கு முறைத்துக்கொள்கிறோம். ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற முதலாளியிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் போன பிறகு நானே எடை போட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கவிட்டிருக்கிறார். புதுச் சிலிண்டர் மாட்டிய தேதியைச் சிவப்புப் பேனாவில் வட்டமிடுவார். எங்கள் மூன்று பேருக்கு ஒரு சிலிண்டர் 46 நாள், 48 நாள் வரும். மழைக்காலத்தில் வெந்நீர் அதிகம் வைத்தால் 44. இந்த வருடம் ஒன்று 38 நாளில் தீர்ந்தது. "என்னடி, நான் என்ன விருந்தா ஆக்கினேன்?" என்று அம்மா தன்மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். பருப்பை ஊறவைத்துப் போட்டார், பாலை ஒரு வேளைதான் காய்ச்சினார். எவனோ திருடியதற்கு எழுபது வயதுப் பெண் அடுப்பைச் சிம்மில் வைத்துத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் பெட்டி எடை பார்க்கிற கையடக்கத் தராசு ஒன்று வாங்கினேன். 50 கிலோ வரை தாங்கும்.

தம்பியும் நானும் ஊரிலிருந்து கொண்டுவந்த உலக்கையில் தராசை மாட்டி, அதன் கொக்கியைச் சிலிண்டரின் கைப்பிடியில் கோத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். காலி எடை மேல் வளையத்தை ஒட்டிய பட்டையில் பொறித்திருக்கும். எங்களுடையதில் 15.9. அத்துடன் 14.2 சேர்த்தால் 30.1 கிலோ வர வேண்டும். தராசு 28.4 காட்டியது. இறக்கிவிட்டு மறுபடி தூக்கினோம். 28.4. தராசில் கோளாறோ என்று பிரிக்காத 25 கிலோ அரிசி மூட்டையை மாட்டினோம். 25.1. ஆக 1 கிலோ 700 கிராம் காணவில்லை. பழைய 868 ரூபாய் கணக்கிலேயே கிலோ 61 ரூபாய். நூறு ரூபாய்க்கு மேல் போய்விட்டது. அதற்கு மேலே அம்பது.

சீல் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. குழாய் வைத்து ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு கேஸ் மாற்றி விற்றவர்கள் பிடிபட்ட செய்தி அவ்வப்போது வரத்தான் செய்கிறது. எங்களுடையது எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாசலில் ஒரு தராசு வந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும், நான் வாங்காமல் திருப்பி அனுப்பியிருப்பேன். குறை எடைச் சிலிண்டரை மறுக்க நமக்கு முழு உரிமை உண்டு. நான் செய்த தவறு, பார்ப்பதற்கு முன்பே ஓடிபியைச் சொன்னது. அந்த எண் நாம் போடுகிற கையெழுத்துக்குச் சமம். சொன்ன அடுத்த நொடி "நல்லபடியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று பதிவாகிவிடும். எங்கள் பக்கத்தில் சிலருக்கு ஏஜென்சியிலிருந்தே போன் செய்து, சிலிண்டர் வருவதற்கு முன்பே எண்ணைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள். சிலிண்டர் உள்ளே வந்து, எடை பார்த்து, கசிவு பார்த்து, அப்புறம் சொல்லுங்கள்.

காசு போனாலும் சம்பாதித்துக்கொள்ளலாம். எனக்கு இரவில் தூக்கம் வராமல் செய்வது அந்த வாஷர்.

சிலிண்டரின் வாயில், ரெகுலேட்டர் உட்காரும் இடத்துக்குள்ளே, ஒரு சின்னக் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். அது இல்லாவிட்டாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, ரெகுலேட்டரைத் திருப்பியதும் உஸ்ஸென்று கேஸ் வெளியே வரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் அப்படி வந்தது. இரவு ஒன்பது மணி, பழைய சிலிண்டர் தீர்ந்ததும் அம்மா புதியதை மாட்டியிருக்கிறார். கொரோனா வந்து போனதிலிருந்து அம்மாவுக்கு வாசனை சரியாகத் தெரியாது. கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அந்த ஒரே எச்சரிக்கையும் எங்கள் அம்மாவுக்கு எட்டாது. அவர் லைட்டரைக் கையில் எடுத்துவிட்டார். நான் கூடத்திலிருந்து மூக்கில் ஏறியதும் கத்திக்கொண்டே ஓடினேன். ரெகுலேட்டரை மூடி, கழற்றி, சிலிண்டரில் நூலில் தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் மூடியை அழுத்தினேன். சத்தம் நின்றது. என் கை நடுங்கியது நிற்க அரை மணி நேரம் ஆனது.

அந்த மூடியைத்தான் நிறையப் பேர் நூலை அறுத்துக் குப்பையில் போடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். கசிகிற வாயை அடைக்க வீட்டில் இருக்கிற ஒரே பொருள் அது. அப்புறம், கேஸ் நாற்றம் வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதீர்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் தெறிக்கிற சின்னப் பொறி போதும். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தங்கும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வீட்டுக்கு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இருக்கிற அவசர எண், இரவு பகல் எப்போதும் எடுக்க வேண்டிய எண். அன்று இரவு எனக்கு அந்த எண் தெரியாது. ஏஜென்சிக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது, எவரும் எடுக்கவில்லை.

மறுநாள் வந்த மெக்கானிக் பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துப் போட்டார். ஒரு நிமிட வேலை. வாசலிலேயே மூடியைத் திறந்து பார்த்திருந்தால் அந்த ஒரு நிமிடம் அங்கேயே முடிந்திருக்கும்.

அந்த மெக்கானிக் எங்கள் டியூப்பையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஆரஞ்சு நிற டியூப்பில் தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எங்களுடையது ஏழு வருடம். இது எங்கள் தப்பு, மறைக்கவில்லை. ஆனால் எதிர்வீட்டு அக்கா வீட்டில் இன்னும் பச்சை நிற பிளாஸ்டிக் டியூப், அதுவும் சூடு தாங்காமல் நடுவில் பழுப்பேறியது. சொன்னால், "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே" என்கிறார். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மாடுலர் கிச்சன் போட்டவர் அவர். டியூப் விலை இருநூறு ரூபாய்க்குள்தான். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நம் வீட்டுச் சமையலறையில் நிற்பது பெரும்பாலும் நம் அம்மாவும் மனைவியும் மகளும்தான். அங்கே எரிந்தால் எரியப்போவது அவர்கள் புடவையும் நைட்டியும்.

சிலிண்டருக்கும் ஒரு தேதி உண்டு. கைப்பிடிக்குக் கீழே இருக்கிற பட்டையின் உட்பக்கம் ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்தில் ஒன்றும், பக்கத்தில் வருடமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், பி ஏப்ரலிலிருந்து ஜூன், சி ஜூலையிலிருந்து செப்டம்பர், டி அக்டோபரிலிருந்து டிசம்பர். அந்தக் காலாண்டுக்குள் அந்தச் சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி தாண்டியிருந்தால் வாங்காதீர்கள்.

விபத்து நேர்ந்தால் இழப்பீடு உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கிற காப்பீடு அது, நாம் தனியாக எதுவும் கட்டத் தேவையில்லை. பதிவான முகவரியில் கேஸ் விபத்து நடந்து உயிர் போனால் ஒருவருக்கு 6 லட்சம் வரை. சிகிச்சைக்கும் சொத்துச் சேதத்துக்கும் தனித்தனி வரம்பு உண்டு. இணைப்பு கொடுக்கும்போது அடுப்பையும் தங்களிடமே வாங்கினால்தான் ஆச்சு என்று நெருக்குகிற ஏஜென்சிகள், இந்தக் காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை. அடுப்பை அவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது, ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம்.

செவ்வாய்க்கிழமை மதியமே ஏஜென்சிக்குப் போனேன். தராசு காட்டிய எண்ணைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல், "வாங்கும்போதே சொல்லியிருக்கணும் மேடம்" என்றார். "வாங்கும்போது பார்க்கத் தராசு இல்லையே" என்றேன். "அது டெலிவரி பாய்கிட்ட கேட்கணும்" என்றார். சுவரில் அவர் தலைக்கு மேலேயே ஒரு போஸ்டர். 'எடையைச் சரிபார்த்து வாங்குங்கள்' என்று எழுதி, சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் படம். அதைக் காட்டினேன். அப்போதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நிறுவனத்தின் ஆப்பில் புகார் போட்டேன். வெள்ளிக்கிழமை குறுஞ்செய்தி வந்தது: புகார் தீர்க்கப்பட்டது. ஒருவரும் வீட்டுக்கு வரவில்லை, ஒரு போன்கூட இல்லை. மறுபடி திறந்தேன், போட்டோவைச் சேர்த்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லிப் பதிவு எண் வாங்கியிருக்கிறேன். அடுக்ககத்தில் பதினாறு வீடு, இதுவரை இரண்டு பேர்தான் என் புகாரில் கூடக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். "எதுக்கு வம்பு, அப்புறம் சிலிண்டர் லேட்டாப் போடுவான்" என்கிறார்கள் மற்றவர்கள்.

அம்மா காலண்டரில் செவ்வாய்க்கிழமையை வட்டமிட்டு, பக்கத்திலேயே 28.4 என்று எழுதி வைத்திருக்கிறார். உலக்கை இப்போது வாசல் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.