எஸ்-வி-ஓ கண்டுபிடிக்கத் தெரிந்த பையன், ‘யெஸ்’ சொல்லத் தெரியாமல் நின்றான்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பையனைப் பொய்யன் என்று திட்டிவிட்டார்கள். அவன் சொன்னது ஒரே ஒரு சொல். அதுவும் உண்மையைத்தான் சொன்னான். அன்றிலிருந்து எனக்கு மனது ஆறவில்லை.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 14 ஆண்டுகளாக மெர்ச்சன்டைசராக வேலை பார்க்கிறேன். பையரின், அதாவது எங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின், மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, சாம்பிள் அனுப்புவது, தாமதமானால் காரணம் சொல்வது என்று எங்கள் பிழைப்பே ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது. புதிதாகச் சேர்ந்த இந்தப் பையனுக்கு 22 வயது. லண்டனிலிருந்து பேசிய பெண்மணி அவனிடம், “ஹாவன்ட் த சாம்பிள்ஸ் கான் அவுட் யெட்?” என்று கேட்டிருக்கிறார். சாம்பிள் போகவில்லை. சாயப்பட்டறையிலிருந்து துணியே வந்து சேரவில்லை. இவன் “யெஸ், மேடம்” என்றிருக்கிறான்.

‘இன்னும் போகவில்லையா?’ என்று யாராவது நம்மைக் கேட்டால் என்ன சொல்வோம்? ‘ஆமாம், போகவில்லை’ என்போம். அதைத்தான் அவனும் சொன்னான். ஆனால் அந்தப் பெண்மணிக்கு அது ‘போய்விட்டது’ என்று கேட்டது. வியாழக்கிழமை ஆடையை அணிவித்து ஃபிட் பார்ப்பதற்கு ஆள்களையெல்லாம் வரச்சொல்லிவிட்டார். பெட்டி வரவில்லை. ‘அனுப்பிவிட்டதாகச் சொன்னீர்களே’ என்று வந்த மின்னஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு மேலாளர் கத்திய கத்தலில் மாடி முழுக்க அமைதியாகிவிட்டது. “அக்கா, நான் போகவில்லை என்றுதானே சொன்னேன்?” என்று அவன் என்னிடம் வந்து கேட்டபோது அவன் கண் கலங்கியிருந்தது.

விஷயம் இரண்டே வரியில் முடிந்துவிடும். கேட்பவர் சொன்னது சரியா தவறா என்பதற்குத் தமிழில் ஆமாம், இல்லை என்கிறோம். ஆங்கிலேயர் அதைப் பார்ப்பதில்லை. நடந்திருந்தால் யெஸ், நடக்கவில்லை என்றால் நோ. கேள்வி எப்படி வந்தாலும் சரி. ஜப்பானியர்களும் நம்மைப் போலத்தான் பதில் சொல்கிறார்கள், அவர்களும் ஆங்கிலத்தில் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? பத்து நிமிடம். 12 ஆண்டுப் பள்ளிப் படிப்பில் அந்தப் பத்து நிமிடம் யாருக்கும் கிடைக்கவில்லை!

அவனிடம் கேட்டேன், பள்ளியில் ஆங்கில வாக்கிய அமைப்பு நடத்தவே இல்லையா என்று. “நடத்தினார்கள் அக்கா, எஸ்.வி.ஓ.சி.ஏ. எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்” என்றான். எனக்கும் தெரியும். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காக: எஸ் என்றால் எழுவாய், வி வினை, ஓ செயப்படுபொருள், சி நிரப்பி, ஏ வினையடை. வினைச்சொல்லைப் பிடி, அதை ‘வாட்’ என்றோ ‘ஹூம்’ என்றோ கேள், பதில் வந்தால் ஓ. எங்கே, எப்போது, எப்படி என்று கேட்டுப் பதில் வந்தால் ஏ. வாக்கியத்தின் பொருள் புரியாமலேயே முழு மதிப்பெண் வாங்கலாம். நான் வாங்கினேன். அவன் வாங்கினான். இப்போது ஒன்பதாம் வகுப்பில் என் மகள் வாங்குகிறாள். கறிவேப்பிலையை ஆய்வதுபோல் வாக்கியத்தைக் கிள்ளிக் கிள்ளி எழுத்துகளுக்குக் கீழே வைக்கிறோம். அந்த வாக்கியத்தை ஒருவர் வாயிலிருந்து ஒரு நாளும் கேட்டதில்லை.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது எது தெரியுமா? இந்த எழுத்துகளைத் தந்தவர்கள் இதை இப்படிச் செய்யவே இல்லை. ரேண்டால்ஃப் குவர்க் என்ற பேராசிரியர் 1959இல் ஆங்கிலப் பயன்பாட்டை ஆராயும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அது வளர்ந்தது. 200 மாதிரிகள், ஒவ்வொன்றிலும் 5,000 சொற்கள். அவற்றில் பாதி, மனிதர்கள் பேசியது. உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, காது கொடுத்துக் கேட்டு எழுதிவைத்தார்கள். அவரும் கூட்டாளிகளும் பின்னர் எழுதிய இலக்கணத்தில்தான் ஆங்கில வாக்கியத்தின் ஏழு அடிப்படை வகைகள் எஸ், வி, ஓ, சி, ஏ என்ற எழுத்துகளில் வரிசையாக வருகின்றன. அந்த ஏழில் ‘ஏ’ எங்கே வரும் என்றால், அது இல்லாமல் வாக்கியம் நிற்காத இடத்தில்தான். ‘ஷி புட் த புக்’ என்று நிறுத்தினால் ஆங்கிலக் காது ‘எங்கே வைத்தாள்?’ என்று காத்திருக்கும். ‘புட்’ என்ற வினை இடத்தையும் சேர்த்துக் கேட்கிறது. வினைச்சொல்தான் எஜமான், அது கேட்பதைக் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நம் வகுப்பில் ‘நேற்று’ வந்தாலும் ஏ, ‘மெதுவாக’ வந்தாலும் ஏ. சாரத்தை வடித்துக் கொட்டிவிட்டுச் சக்கைக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

வினை என்ன கேட்கும் என்பதைச் சொல்லித்தர ஒருவர் தம் வாழ்நாளையே செலவிட்டிருக்கிறார். ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். ஒவ்வொரு வினைக்கும் பின்னால் எது வரும், எது வராது என்று வகைப்படுத்தி, அவரும் இரண்டு சகாக்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியானது. பிற்பாடு உலகமெங்கும் மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியாக வளர்ந்தது அதுதான். ‘டெல் மி’ சரி, ‘சே மி’ தவறு. ‘வான்ட் யூ டு கம்’ சரி, ‘சஜெஸ்ட் யூ டு கம்’ தவறு. ‘கிவ் மி’ என்று சொல்லலாம், ‘எக்ஸ்ப்ளெய்ன் மி’ என்று சொல்லக் கூடாது, நடுவில் ஒரு ‘டு’ வேண்டும். நம் அலுவலகத்திலிருந்து போகும் மின்னஞ்சல்களில் நாளுக்கு நான்கு ‘எக்ஸ்ப்ளெய்ன் மி’ பார்க்கிறேன். எழுதுகிறவர்கள் மக்குகள் அல்ல. ‘எனக்குக் கொடு’, ‘எனக்கு விளக்கு’ என்று இரண்டுக்கும் ‘எனக்கு’ போட்டு வளர்ந்தவர்கள். ஆங்கிலம் இங்கே வேறு வழியில் போகிறது என்று ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லை.

‘சாப்பிட்டாயா?’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணும் செயல், அது நடந்து முடிந்தது, கேட்கப்படுவது உன்னை, இது கேள்வி. நான்கும் ஒரே சொல்லுக்குள் அடுக்கியிருக்கின்றன. ஆங்கிலத்தில் அதைப் பிரித்துப் போட வேண்டும். இறந்தகாலத்தையும் கேள்வியையும் ‘டிட்’ சுமக்கிறது, ஆளை ‘யூ’ சுமக்கிறது, செயல் மட்டும் ‘ஈட்’. இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே வாங்கிக்கொண்டதால் ‘டிட் யூ ஏட்’ என்று இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. இப்படிச் சொன்னால் எந்தக் குழந்தைக்குப் புரியாது? நம் வினையின் வாலில் ‘ஏன்’, ‘ஆய்’, ‘ஆள்’ ஒட்டிக்கொண்டிருப்பதால் ‘வந்துவிட்டேன்’ என்றாலே யார் என்று தெரிந்துவிடுகிறது. ஆங்கில வினைக்கு அந்த வால் ஏறக்குறைய உதிர்ந்துவிட்டது. அதனால் எழுவாயை விடவே முடியாது. மழை பெய்தால்கூட ‘இட்’ என்று ஒன்றை முன்னால் நிறுத்தியாக வேண்டும். என் மகள் வகுப்பில் எழுந்து, “அந்த ‘இட்’ என்பது எது?” என்று கேட்டிருக்கிறாள். எவ்வளவு அருமையான கேள்வி! “அது எஸ், அடிக்கோடு போடு” என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

பள்ளிக்குப் போய்ப் பேசினேன். ஆசிரியை நல்லவர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. “நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் தேர்வில் வருவது இதுதான். நான் பேசச் சொல்லிக்கொடுத்து, இவர்களுக்கு மதிப்பெண் குறைந்தால் நீங்களே என்னிடம் வந்து நிற்பீர்கள்” என்றார். எனக்கு வாயடைத்துப்போனது. ஆனாலும் வினாத்தாளைத் தயாரிக்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது. ‘வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த டோர்?’ என்ற வாக்கியத்தில் எஸ் எது, வி எது என்று கேட்கிறீர்களே, கதவைத் திறக்கச் சம்மதமென்றால் பதில் ‘நோ’ என்று எந்தத் தேர்விலாவது கேட்டதுண்டா? ‘உங்களுக்கு ஆட்சேபணையா?’ என்பதல்லவா அங்கே கேள்வி!

இந்த ஓட்டையில்தான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் கடை விரித்திருக்கின்றன. 30 நாளில் சரளமாகப் பேசலாம் என்று சுவருக்குச் சுவர் நோட்டீஸ். 12 ஆண்டுகள் பள்ளிக்குக் கட்டணம் கட்டிய அப்பா, அதே மொழிக்காக இன்னொரு முறை கட்டுகிறார்.

நேற்று அந்தப் பையனின் மேசைப் பக்கம் போனேன். கணினித் திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறான். ‘போய்விட்டால் யெஸ். போகவில்லை என்றால் நோ. எப்படிக் கேட்டாலும்.’ தொலைபேசி மணி அடித்தது. எடுப்பதற்கு முன் அந்தச் சீட்டை ஒருமுறை வாய்க்குள் படித்துக்கொண்டான்.