ஹோல்பைன் மேல் பழி வேண்டாம்

"ஜெர்மனியின் கிளீவ்ஸ் இளவரசி ஆன் என்பவரை, இல்லாத அழகெல்லாம் சேர்த்து வரைந்து, இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியை ஏமாற்றிய ஓவியர் ஹோல்பைன், அதற்குத் தண்டனையும் அனுபவித்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க நல்ல கதைதான், ஆனால் ஆதாரம் இல்லை.

1539 ஆகஸ்டில் பெண் பார்ப்பதற்காக மன்னர் அனுப்பித்தான் ஹோல்பைன் ஜெர்மனியின் டியூரன் நகருக்குப் போய், ஆன், அவர் தங்கை அமாலியா இருவரையும் வரைந்தார். அங்கிருந்த ஆங்கிலேயத் தூதர் வாட்டன், படங்கள் அச்சு அசலாக இருப்பதாகவே கடிதம் எழுதினார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆனின் சிற்றோவியத்தைப் பாருங்கள். குறுக்களவு சுமார் 4.5 செ.மீ., ரோஜாப்பூ போலக் கடைந்த தந்தச் சிமிழுக்குள் இருக்கிறது. நீலப் பின்னணியில் நேராக நம்மைப் பார்க்கும் அமைதியான முகம். இதில் மயக்கும் வேலை எங்கே இருக்கிறது?

ஆன் தனக்குப் பிடிக்கவில்லை என்று ஹென்றி புலம்பியது உண்மை. 1540 ஜனவரியில் நடந்த கல்யாணம் ஜூலையில் ரத்தானது. அதே மாதம் தலை போனது, திருமணத்தை முன்னின்று நடத்திய அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லுக்கு. அதற்கும் வேறு அரசியல் காரணங்கள் உண்டு. ஹோல்பைனை யாரும் தண்டிக்கவில்லை, 1543-ல் இறக்கும்வரை லண்டனில்தான் வரைந்துகொண்டிருந்தார்.

அப்புறம், ஆன் பற்றி ஹென்றி சொன்னதாக உலவும் அந்த 'ஃப்ளாண்டர்ஸ் குதிரை' என்ற கேலி, நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து ஒட்டிக்கொண்டது. ஹென்றி வாயில் அதைத் திணிக்காதீர்கள்.