கூலி: ஒரு ஜோடி பழைய லாடம்

ஜோர்டான் போய் வந்து மூன்று வாரம் ஆகிறது, பெட்ரா படங்களை ஏன் இன்னும் போடவில்லை என்று பலர் கேட்டுவிட்டீர்கள். போடுகிறேன். ஆனால் படத்தைப் போட்டால் அந்த இளஞ்சிவப்புத் தூண்களைப் பார்த்து ஒரு லைக்கைப் போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவீர்கள், எனக்குச் சொல்ல இருப்பது அந்தப் படங்களில் வராது. அதனால் முதலில் எழுத்து. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். பெட்ராவைத் "தொலைந்த நகரம்" என்று சொல்வதை நாம் நிறுத்த வேண்டும்.

போகும் முன் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நபதேயர்கள் என்ற அரபு வணிகர்கள் 2000 வருடத்துக்கு முன்னால் பாறையைக் குடைந்து ஒரு தலைநகரம் அமைத்தார்கள், சாம்பிராணியும் வாசனைப் பொருட்களும் ஏற்றி வந்த ஒட்டகங்களால் செழித்தார்கள், கி.பி. 106-இல் ரோமானியர் கைக்குப் போனது, 363-இல் பெரிய நிலநடுக்கம், நகரம் அழிந்தது, உலகம் மறந்தது, 1812-இல் பர்க்ஹார்ட் என்கிற சுவிட்சர்லாந்துப் பயணி வந்து "கண்டுபிடித்தார்". எந்த யூடியூப் காணொளியைத் திறந்தாலும் இதே கதை, இதே பின்னணி இசை.

இந்தக் கதையில் நிலநடுக்கத்துக்கும் 1812-க்கும் நடுவே மனிதர்களே இல்லை. ஆனால் அங்கேயே இருக்கும் பைசாந்திய தேவாலயத்தில் 1993-இல் தோண்டியபோது, தீயில் கருகிப்போன சுமார் 140 பப்பைரஸ் சுருள்கள் கிடைத்தன. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் என்ன இருக்கிறது தெரியுமா? நிலம் கைமாறிய பத்திரம், சொத்துத் தகராறு, வரிக் கணக்கு, கல்யாணச் சீர். "அழிந்துபோன" நகரத்தில் 200 வருடம் கழித்தும் பங்காளிகள் சொத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதற்கும் பிறகு 12-ஆம் நூற்றாண்டில் சிலுவைப்போர்க்காரர்கள் பக்கத்திலேயே கோட்டை கட்டியிருக்கிறார்கள். ஆளே இல்லாத இடத்தில் யாரும் கோட்டை கட்டமாட்டார்கள் இல்லையா.

சரி, அந்த 1812 கதைக்கு வருகிறேன். பர்க்ஹார்ட் தன்னை இப்ராஹிம் என்று அழைத்துக்கொண்டு முஸ்லிம் வேடத்தில் பயணம் செய்தவர். மலையுச்சியில் இருக்கும் ஹாரூன் நபியின் அடக்கத்தலத்தில் ஆடு அறுப்பதாக நேர்த்திக்கடன் என்று பொய் சொல்லி, எல்ஜி என்ற கிராமத்தில் ஒரு வழிகாட்டியை அமர்த்தினார். எல்ஜி என்பது இன்றைய வாதி மூசா ஊர்தான், நாங்கள் தங்கியதும் அங்கேதான். அந்த வழிகாட்டிக்குக் கொடுத்த கூலியையும் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்: ஒரு ஜோடி பழைய குதிரை லாடம். வழிகாட்டியின் பெயரை எழுதவில்லை.

போகிற வழியில் பர்க்ஹார்ட் அடிக்கடி இடிபாடுகளுக்குள் நுழைந்து பார்ப்பதைக் கண்டு அந்த மனிதருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நீ எதையோ தேடி வந்திருக்கிறாய், இங்கே புதைந்திருக்கும் செல்வத்தில் ஒரு காசுகூட எடுத்துப் போக விடமாட்டோம், இது எங்கள் எல்லை, எங்களுக்குச் சொந்தம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். இதையும் பர்க்ஹார்டே எழுதியிருக்கிறார். ஆட்டைச் சுமந்துகொண்டு, வழி தெரிந்து, உரிமையோடு ஒருவர் முன்னால் நடக்கிறார், பின்னால் நடந்து வந்தவர் "கண்டுபிடித்தார்" என்று உலகமே சொல்கிறது. இதை அங்கே உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

இனி நாங்கள் பார்த்தது. தோஹாவிலிருந்து அம்மான், அங்கிருந்து வாடகைக் காரில் நான், மனைவி, பத்தாவது படிக்கும் மகள். பாலைவன நெடுஞ்சாலையில் போனால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். நாங்கள் ஷோபக் கோட்டை வழியாகப் போகும் பழைய ராஜபாட்டையைப் பிடித்து நாள் முழுக்கப் போனோம். அவசரம் இல்லாதவர்கள் அப்படியே போங்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கெல்லாம் வாசலில் நின்றோம். சீக் என்கிற அந்தப் பிளவு 1.2 கிலோமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, சில இடங்களில் வானம் ஒரு கோடு மாதிரிதான் தெரியும். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். நீங்கள் இடுப்பு உயரத்தில் பாருங்கள். பாறைச் சுவரில் நெடுக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறது, எதிர்ப்பக்கம் சுட்ட மண் குழாய்கள் பதித்த தடம் இருக்கிறது. மூசா நபி கோலால் தட்டித் திறந்ததாக ஊரார் சொல்லும் அய்ன் மூசா ஊற்றிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் போன வழி. நடுநடுவே மண் தங்குவதற்குச் சின்னத் தொட்டிகள் கூட விட்டிருக்கிறார்கள்.

மழை குறைவான ஊர், ஆனால் பெய்தால் மலைத்தண்ணீர் முழுவதும் அந்தப் பிளவுக்குள்தான் இறங்கும். அதற்காக நபதேயர்கள் சீக்கின் வாயில் ஒரு அணை கட்டி, பக்கத்துப் பாறையில் சுரங்கம் குடைந்து, வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்கு வழியாகத் திருப்பிவிட்டார்கள். பிற்காலத்தில் அந்த அணை இடிந்து கிடந்தது. 1963-இல் திடீர் வெள்ளம் வந்து, சீக்கிற்குள் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுப் பயணிகள் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் பழைய இடத்திலேயே அணையைத் திரும்பக் கட்டினார்கள், அந்தப் பழைய சுரங்கம் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது. என்னைக் கேட்டால் பெட்ராவின் பெரிய சாதனை அந்த வாய்க்கால்தான், தூண்களெல்லாம் அதற்கு அப்புறம்தான். பாறையைக் குடைய உளி போதும், அந்த இடத்தில் பல ஆயிரம் பேருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேறு மாதிரி மூளை வேண்டும்.

சீக் முடிகிற இடத்தில் பாறையில் செதுக்கிய அந்தப் பெரிய தூண் முகப்புதான் கஸ்னா, அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுமார் 40 மீட்டர் உயரம், மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தது, பிளவு முடிகிற இடத்தில் முதல் தூண் தெரியும்போது மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உச்சியில் உள்ள கல் கலசத்தில் புதையல் இருக்கும் என்று சுட்டுப் பார்த்த துப்பாக்கிக் குண்டுத் தடங்கள் இன்னும் இருக்கின்றன. கஸ்னா என்றால் கருவூலம், ஆனால் அது கல்லறைதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2024-இல் அதன் முன்னால் தரைக்கடியில் தோண்டியபோது 12 பேரின் எலும்புகளோடு ஒரு கல்லறை கிடைத்தது. நாம் படத்தில் பார்க்கும் முகப்புகள் பெரும்பாலும் இறந்தவர்களுக்குச் செதுக்கியவை. உயிரோடு இருந்தவர்களின் வீடும் கடைத்தெருவும் நடுப்பள்ளத்தில் இன்னும் பெரும்பகுதி மண்ணுக்கடியில் இருக்கின்றன.

எனக்கு மிக முக்கியமாகப்பட்டது மாலையில்தான் நடந்தது. வழியில் பேச்சுக் கொடுத்த ஒரு பெரியவர் ("ஹிந்தி?" என்றுதான் ஆரம்பித்தார், அங்கே இந்தியர்களுக்கு அதுதான் பெயர், மொழியைச் சொல்லவில்லை என்று எனக்கே பிறகுதான் புரிந்தது) எங்களைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஊர் பெயர் உம் சைஹூன். பெட்ராவுக்கு மேலே குன்றின் விளிம்பில் நெருக்கியடித்துக் கட்டிய கான்கிரீட் வீடுகள். பிதூல் என்ற பெதுவின் (பாலைவன அரபு மேய்ப்பர்) இனத்தார் அங்கே இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெட்ராவின் குகைகளில், அதே செதுக்கிய அறைகளில், குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள்தான். ஆடு வளர்த்தார்கள், சமவெளியில் கோதுமையும் பார்லியும் விதைத்தார்கள். நபதேயரின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள்.

1985-இல் பெட்ரா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதே காலத்தில்தான் அவர்களைக் குகைகளிலிருந்து எழுப்பி உம் சைஹூனில் குடியமர்த்தினார்கள். 20 வருடம் கழித்து, 2005-இல், பெட்ரா மற்றும் வாதி ரம் பகுதி பெதுவின்களின் வாழ்க்கை முறையை மனிதகுலத்தின் அரிய பண்பாட்டுச் செல்வம் என்று அதே யுனெஸ்கோ அறிவித்தது. ஆட்டுமயிர்க் கூடாரம், மலையேற்றம், தடம் பார்த்துப் போகும் அறிவு, மூலிகை மருத்துவம், வாய்மொழிக் கவிதை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இதை அந்தப் பெரியவரிடம் என் அரைகுறை அரபியில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மின்சாரம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மருத்துவமனைக்குப் போக வழி வந்தது, அதை நான் மறுக்கமாட்டேன் என்றார். ஆனால் மகன்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, வீடு கட்ட இடமில்லை, ஊரை விரிக்க ஒரு அடி நிலம் கிடையாது, அதனால் மாடிக்கு மேல் மாடி என்று கையை மேலே மேலே அடுக்கிக் காட்டினார்.

இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மணற்பாறை கரைகிறது, கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் ஒரு ஊரை அப்புறப்படுத்தினால் அந்த ஊரின் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தானே இடம் யோசித்திருக்க வேண்டும்?

அவர் மனைவி மக்லூபா செய்திருந்தார். சோறும் கோழியும் கத்திரிக்காயும் அடுக்கி வேகவைத்து, பானையை அப்படியே பெரிய தட்டில் கவிழ்ப்பது. கவிழ்க்கும்போது எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள், குலையாமல் நின்றதும் குழந்தைகள் கைதட்டினார்கள். அப்புறம் மரமியா இலை போட்ட டீ, மூன்று டம்ளர், மறுக்க முடியாது.

அங்கே ஒரு விஷயம் பேசினோம். 2019-இல் பெட்ராவுக்கு ஒரே வருடத்தில் 10 லட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு, பக்கத்து நாட்டுப் போரால், கூட்டம் அடியோடு சரிந்தது. வாதி மூசாவில் பல விடுதிகள் பூட்டிக் கிடப்பதை நானே பார்த்தேன். ஆடு மேய்த்தவர்களை ஆட்டை விடச் சொல்லி, சுற்றுலாவை மட்டும் நம்பவைத்தால், சுற்றுலா நின்றால் எங்கே போவார்கள்?

போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான், தயவுசெய்து ஒரு நாளில் ஓடிவராதீர்கள். நுழைவுச்சீட்டு விலையே அதைச் சொல்கிறது: ஒரு நாளுக்கு 50 தினார், மூன்று நாளுக்கு 60, நாட்டில் ஓர் இரவுகூடத் தங்காமல் வந்து போனால் 90. பேருந்தில் வந்து, கஸ்னா முன் படமெடுத்து, மதியமே கிளம்புகிறவர்களால் அந்தக் கிராமங்களுக்கு ஒரு டீக்காசுகூடச் சேர்வதில்லை. மூன்று இரவு தங்குங்கள். ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். குழந்தைகளிடம் மட்டும் கல்லோ அஞ்சலட்டையோ வாங்காதீர்கள், எவ்வளவு அழகாகச் சிரித்தாலும் சரி. அவர்கள் விற்கிற வரைக்கும் பள்ளிக்குப் போகமாட்டார்கள். கழுதைச் சவாரி வேண்டவே வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஒரு குடும்பத்தின் அன்றைய சோறு அது. ஆனால் மலைமேல் இருக்கும் அத்-தைர் என்ற செதுக்கு முகப்புக்குப் போகும் 800-க்கும் மேற்பட்ட படிகளில் கழுதை மீது ஏறாதீர்கள். பாரம் தாங்காமல் மூச்சிரைக்கும் கழுதையையும், குளம்பு பட்டுத் தேய்ந்த படியையும் பார்த்த பிறகு நாங்கள் நடந்தேதான் ஏறினோம், கழுதை ஓட்டும் பையனின் அண்ணனை எங்களோடு நடந்து வரச் சொல்லி அந்தக் காசை அவரிடம் கொடுத்தோம்.

பக்கத்தில் இருக்கும் சீக் அல்-பாரித்தையும் விடாதீர்கள், சின்ன பெட்ரா என்பார்கள். அங்கே ஒரு அறையின் கூரையில் திராட்சைக் கொடியும் பறவைகளுமாக நபதேயர் தீட்டிய ஓவியம் இருக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பைதா, 9000 வருடத்துக்கு முந்தைய கிராமம், கல் வீடுகளின் அடிச்சுவர் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் அமாரீன் இனத்தார் ஊர். 9000 வருடமாக மனிதர் கால்படும் வட்டாரம், இதைப் போய்த் தொலைந்தது என்கிறோம்.

கிளம்பும் நாள் காலையில் பெரியவர் எங்களை உள்ளே கூட்டிப்போனார். வழக்கமான பாதை இல்லை, அவர்கள் ஊரிலிருந்து கீழே இறங்கும் ரோடு. நுழைவுச்சீட்டு எங்களுக்கு இருந்தது, அவருக்குத் தேவையில்லை. ஒரு சாதாரணக் குகை, செதுக்கல் எதுவும் கிடையாது, எந்தப் பயணியும் நின்று பார்க்கமாட்டார். சுவரில் மாடம் மாதிரி ஒரு குழி, அதில்தான் விளக்கு வைப்போம் என்றார். கூரை முழுக்கக் கரி. முந்தின நாள் வேறொரு குகையில் இதே கரியைப் பார்த்து, யாரோ நெருப்பு மூட்டிப் பாழாக்கிவிட்டார்கள் என்று நானே மகளிடம் சொல்லியிருந்தேன். பெரியவர் கையை உயர்த்தி விரலால் கூரையைத் தடவினார். கறுப்பாக ஒட்டிக்கொண்ட விரலை மகளிடம் நீட்டி, "உம்மீ" என்றார்.

அம்மா என்று அர்த்தம். அவர் அம்மா அடுப்பெரித்த கரி அது.