காலி நாற்காலிக்கு ரசிகன் என்ன செய்வான்?

தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு ஐஸ் ஹாக்கி அணியின் ஆட்டத்தை அரங்கிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? வித்தியாசம் முதலில் காதுக்குத்தான் தெரியும். அரங்கு நிறைந்திருந்தால் கேட்கவே கேட்காத சத்தமெல்லாம் கேட்கும். ஸ்கேட் பனியைச் சீவுவது, ‘பக்’ என்கிற ரப்பர் வட்டு பக்கவாட்டுப் பலகையில் ‘டொக்’கென்று மோதுவது, கோல்கீப்பர் தன் ஆட்களைப் பெயர் சொல்லிக் கத்துவது, எல்லாம்.

போன மாதம் அப்படி ஓர் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். என் அணிதான், பெயர் வேண்டாம். எனக்கு இடப்பக்கம் ஏழு நாற்காலி காலி, முன்வரிசை முழுக்கவே காலி. ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியடில் பெரிய திரையில் ‘இன்றைய வருகை’ என்று ஓர் எண்ணைப் போட்டார்கள். பின்வரிசைப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லில் அறிவிப்பது வாசல் தாண்டி வந்த தலைகளின் கணக்கு அல்ல, கைமாறிய டிக்கெட்டுகளின் கணக்கு. டிக்கெட் வாங்கிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டவரும் அந்தக் கணக்கில் வந்தவர்தான்.

மறுநாள் வழக்கமான பாட்டு ஆரம்பித்துவிட்டது. உண்மையான ரசிகன் தோற்கும்போதும் வருவானாம், மற்றவனெல்லாம் ஜெயிக்கிற பக்கம் சாய்கிறவனாம். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல்தான். ரசிகன் தோல்வியைத் தாங்குவான். அடுத்த வருஷமும் இதேதான் என்று தெரிந்துவிட்டால்தான் அவனுக்குக் கால் எழும்பாது.

பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-04 சீசனில் லீக்கிலேயே மிகக் குறைந்த கூட்டம் அவர்களுக்குத்தான், சராசரி 12,000கூட இல்லை. 2005இல் டிராஃப்ட் குலுக்கலில், அதாவது புது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறையில், முதல் இடம் விழுந்தது, எல்லோரும் எதிர்பார்த்த இளம் ஆட்டக்காரர் சிட்னி கிராஸ்பி வந்தார். அந்த முதல் சீசனிலும் அணி கிழக்குப் பிரிவில் கடைசி இடம்தான். ஆனாலும் கூட்டம் மளமளவென்று ஏறியது. வெற்றி இன்னும் வரவில்லை, வரும் என்கிற நம்பிக்கை வந்துவிட்டது, அவ்வளவுதான். 2007இல் தொடங்கி 2021 வரை 633 ஆட்டங்களுக்கு அரங்கு தொடர்ந்து நிரம்பியது. சில வருஷம் முன்னால் வராமல் இருந்தவர்களும் இதே ஊர்க்காரர்கள்தானே!

சிகாகோ பிளாக்ஹாக்ஸ் கதை வேறு மாதிரி. உரிமையாளர் பில் வர்ட்ஸ், சொந்த அரங்கில் நடக்கும் ஆட்டங்களை உள்ளூர் டிவியில் காட்ட விடமாட்டார். காட்டினால் சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்கு அநியாயமாம். கண்ணில் படாத அணி மனதில் எப்படி நிற்கும்? 2007இல் அவர் காலமானார், மகன் ராக்கி பொறுப்பேற்றதும் ஆட்டங்கள் டிவிக்கு வந்தன. 2010இல், 1961க்குப் பிறகு முதல்முறையாக, லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையும் வந்தது. அதற்கு முன்பே அரங்கு நிரம்பத் தொடங்கியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

சரி, ஜெயித்துக்கொண்டிருந்தால் மட்டும் கவலையில்லையா? வின்னிபெக் ஜெட்ஸைப் பாருங்கள். 1996இல் அணியை அரிசோனாவுக்குப் பறிகொடுத்த ஊர் அது. 2011இல் அட்லாண்டாவிலிருந்து வேறொரு அணி வந்தபோது 13,000 சீசன் டிக்கெட்டுகள் பறந்துவிட்டன. 2024 தொடக்கத்தில் அது ஏறத்தாழ 9,500. அந்த சீசனில் அணி 52 ஆட்டம் ஜெயித்தது! கூட்டம் எப்போதும் இருக்கும் என்று எந்த அணியும் காலை நீட்டி உட்கார முடியாது.

அங்கிருந்து அரிசோனாவுக்குப் போன அணி கடைசியில் சுமார் 4,600 பேர் மட்டும் உட்காரக்கூடிய கல்லூரி அரங்கில் ஆடி, 2024இல் யூட்டாவுக்குப் போய்விட்டது. பாலைவனத்துக்காரனுக்கு ஹாக்கி தெரியாது என்று அப்போதும் பழி ரசிகன் மேல்தான். அந்த அணியைப் பார்த்து அங்கேயே வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ்தான் 2016 டிராஃப்டில் முதல் ஆள். கடன், நீதிமன்றம், அரங்குத் தகராறு என்று வருஷக்கணக்கில் இழுத்தது நிர்வாகம். நாளைக்கு இருக்குமா என்று தெரியாத அணிக்கு எவன் சீசன் டிக்கெட்டுக்கு மூன்று வருஷப் பணத்தை முன்கூட்டிக் கட்டுவான்?

குளிர் ஊரான பஃபலோவின் சேபர்ஸ் அணி ரசிகர்களுக்குக் கோயில் கட்டலாம். 2011க்குப் பிறகு, 2025 வரை 14 சீசன் பிளேஆஃபே (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள்) இல்லை, லீக் வரலாற்றிலேயே அது சாதனை. 2024 டிசம்பரில் பொது மேலாளர், எங்கள் ஊரில் பனைமரம் இல்லை, வரி வேறு அதிகம், அதனால்தான் நல்ல ஆட்டக்காரர்களை இழுப்பது கஷ்டம் என்கிற தொனியில் பேசினார். அடுத்து ரசிகர்கள் காற்றடைத்த பிளாஸ்டிக் பனைமரங்களோடு அரங்குக்கு வந்துவிட்டார்கள். நக்கல்தான், ஆனால் காசு கொடுத்து டிக்கெட் எடுத்து, மரத்துக்குக் காற்றும் அடித்துத் தூக்கிக்கொண்டு வந்த நக்கல். இதைவிட விசுவாசம் என்ன வேண்டும்?

எங்கள் அரங்கில் அன்றைக்கு நாலாவது கோல் விழுந்தபோது யாரும் ஊளையிடக்கூட இல்லை. திரையைப் பார்த்துச் சிரித்த அந்தப் பெரியவர் ஜெர்சிமேல் கோட்டைப் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். படிக்கட்டில் இறங்கும்போது பனிப்பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிய இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.